சிறுநீரகத் துண்டு என்ன சொல்லும், என்ன சொல்லாது: வன்னியின் கிட்னி வருத்தமும் நோயியல் ஆய்வுகளும்

‘சிறுநீரக நோய்க்குக் காரணம் கண்டுபிடிப்பு’ என்று ஒரு செய்தி வருகிறது. கொஞ்ச நாளில் அதே தலைப்பு வேறொரு காரணத்தோடு திரும்ப வருகிறது. ஒரு தடவை கட்மியம், இன்னொரு தடவை களைநாசினி, பிறகு கிணற்றுத் தண்ணீரின் புளோரைட்டு, பிறகு வெயில். எல்லாச் செய்தியிலும் ‘பல்கலைக்கழக ஆய்வு’, ‘நோயியல் துறை’, ‘இழையப் பரிசோதனை’ என்ற சொற்கள் இருக்கும். இலங்கையின் வன்னிப் பகுதியில், வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ, கிளினிக் கொப்பியோடு மாதாமாதம் போய் வருகிற ஒருவருக்கு இதில் எதை நம்புவது என்ற குழப்பம் வருவது இயல்பு.

இந்தச் செய்திகள் பெரும்பாலும் முழுப் பொய்யானவை அல்ல. ஆனால் சிறுநீரகத்திலிருந்து எடுத்த ஒரு துண்டு இழையம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், எதற்குச் சொல்லாது என்பது தெரியாமல் அவற்றை வாசித்தால் தவறான முடிவுக்கே போவோம்.

எந்த நோயைப் பற்றிய பேச்சு இது

நாட்பட்ட சிறுநீரக நோய் என்றால், சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்தோ அதில் பழுது தெரிந்தோ 3 மாதத்துக்கு மேல் நீடிப்பது. உலகம் முழுவதும் இதற்குப் பெரிய காரணங்கள் இரண்டு: நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம்.

இலங்கையின் உலர் வலயத்தில் 1990களில் வைத்தியர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். சீனியும் இல்லை, பிறசரும் இல்லை. நடுவயது விவசாயிகள், அதிலும் ஆண்கள், சிறுநீரகம் முற்றாகக் கெட்ட நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மதவாச்சி, பதவியா, கிராந்துருகோட்டே பக்கங்களில்தான் இது முதலில் பெரிதாகத் தெரிந்தது. காரணம் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர் வைத்தார்கள். மருத்துவ வட்டத்தில் சுருக்கமாக சீ.கே.டி.யூ. என்பார்கள்.

மதவாச்சி வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் தெற்கே சுமார் 25 கிலோமீற்றர். பதவியா முல்லைத்தீவு மாவட்டத்தின் தெற்கு எல்லையை ஒட்டியது. மாகாண எல்லையில் நோய் நிற்பதில்லை. அதே குளத்துப் பாசனம், அதே காலபோகமும் சிறுபோகமும், அதே கடின நீர்க் கிணறுகள். வவுனியாவும் முல்லைத்தீவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பட்டியலுக்குள் வந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களில் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. 15 முதல் 70 வயது வரையானவர்களில் பெண்கள் 16.9 சதவீதத்தினருக்கும் ஆண்கள் 12.9 சதவீதத்தினருக்கும் இந்த நோய் இருப்பதாக அது சொன்னது. பெண்களின் தொகை கூட, ஆனால் முற்றிய நிலையில் இருந்தவர்களில் ஆண்களே அதிகம். வன்னி மாவட்டங்கள் அந்தக் கணக்கில் இல்லை என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

சிறுநீரகத்துக்குள் பழுதாவது எது

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாக 10 இலட்சம் நெப்ரோன்கள் இருக்கின்றன. ஒரு நெப்ரோனில் இரண்டு பகுதிகளை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

1. கலன்கோளம். மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் ஒரு முடிச்சு. இரத்தம் வடிவது இங்கேதான். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லீற்றர் வடிக்கின்றன.
2. சிறுகுழாய். வடிந்த அந்தத் திரவத்தில் உடலுக்குத் தேவையானதைத் திரும்ப உறிஞ்சுவது இது. 180 லீற்றர் கடைசியில் ஒன்றரை, இரண்டு லீற்றர் சிறுநீராகச் சுருங்குவது இதன் உழைப்பால். சிறுகுழாய்களுக்கு இடையில் இருக்கும் மெல்லிய பகுதி இடையிழையம்.

நீரிழிவில் முதலில் அடிபடுவது கலன்கோளம். அது ஓட்டை விழுந்த வடியாகி, அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும். கால் வீங்கும், சிறுநீர் நுரைக்கும், சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பரிசோதனைப் பட்டியில் நிறம் மாறும். சீ.கே.டி.யூ.வில் முதலில் அடிபடுவது சிறுகுழாயும் இடையிழையமும். அல்புமின் அவ்வளவாகக் கசியாது, வீக்கம் இல்லை, பிறசரும் கடைசிக் கட்டம் வரை ஏறாமல் இருக்கலாம். ஆள் வயலில் வேலை செய்துகொண்டே இருப்பார். சிறுநீர்ப் பட்டி சுத்தம் என்று காட்டும். இந்த நோயில் உயிர்கள் கைவிட்டுப் போவதற்கு இந்த ஒரு விடயமே பெரும் காரணம், அதனால் இதைக் கடைசியில் மறுபடியும் தொட வேண்டியிருக்கும்.

ஊசியிலிருந்து நுணுக்குக்காட்டி வரை

பயொப்சி என்றதும் பலருக்குப் புற்றுநோய்தான் ஞாபகம் வருகிறது. சிறுநீரக பயொப்சி அப்படியில்லை. எந்தப் பகுதி எவ்வளவு பழுது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதே அதன் நோக்கம்.

ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, நாரிப் பக்கத்தில் மரக்க ஊசி போட்டு, ஸ்கானில் பார்த்தபடியே நீண்ட ஊசியைச் சிறுநீரகத்தின் கீழ் நுனிக்குள் செலுத்துவார்கள். ஊசிக்குள் இருக்கும் வில் ஒரு ‘டக்’ சத்தத்தோடு இயங்கி, ஒன்று இரண்டு சென்ரிமீற்றர் நீளத் துண்டை வெட்டி எடுக்கும். தடிப்பு நூல் அளவுதான், மிஞ்சினால் ஒரு மில்லிமீற்றர். அப்புறம் பல மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும், ஏனென்றால் பெரிய ஆபத்து உள்ளே இரத்தம் கசிவது. இரத்தத்தை இளக்கும் குளிசை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டியதும் இதனால்தான்.

வழமையாக இரண்டு துண்டு எடுப்பார்கள். ஒன்று, இழையம் கெடாமல் காக்கும் போமலின் திரவத்துக்குள் போகும். இது சாதாரண நுணுக்குக்காட்டிக்கு. மற்றது போமலின் படாமல் வேறு திரவத்தில் அனுப்பப்படும். நோய் எதிர்ப்புப் புரதங்கள் சிறுநீரகத்தில் படிந்திருக்கின்றனவா என்று ஒளிரும் சாயத்தால் பார்க்க இது வேண்டும். இலத்திரன் நுணுக்குக்காட்டி இருக்கிற இடங்களில் கடுகளவு ஒரு பகுதியை மூன்றாவது போத்தலில் தனியாக ஒதுக்குவார்கள். போத்தல் மாறினால் அந்தப் பரிசோதனை அதோடு சரி. நோயியல் துறையின் வேலையில் பாதி இப்படிப்பட்ட ஒழுங்கில்தான் இருக்கிறது, செய்தியில் இது வருவதே இல்லை.

ஆய்வுகூடத்தில் போமலின் துண்டை மெழுகுக் கட்டியில் பதித்து, ஒரு மில்லிமீற்றரில் 400இல் ஒரு பங்கு தடிப்புக்குச் சீவுவார்கள். சீவிய தாள்கள் சிலைட்டில் ஒட்டப்பட்டு வெவ்வேறு சாயங்களில் தோய்க்கப்படும். ஒரு சாயம் கலங்களின் கருக்களை நீலமாகக் காட்டும். இன்னொன்று கலன்கோளத்தின் சுவர்களைக் கடும் இளஞ்சிவப்பாகக் காட்டும். மசோன் என்பவரின் பெயரால் வழங்கும் மூவண்ணச் சாயம் தழும்பை நீலமாகக் காட்டும். நல்ல சிறுநீரகத்தில் சிறுகுழாய்கள் முதுகோடு முதுகு ஒட்டி நெருக்கமாக இருக்கும், இடையில் நீலம் அரிதாகவே தெரியும். நோய் முற்றிய துண்டில் நீலப் பரப்புக்குள் சுருங்கிப்போன குழாய்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும்.

நோயியல் நிபுணர் முதலில் கலன்கோளங்களை எண்ணுவார். 10க்குக் குறைவாக இருந்தால் முடிவு சொல்லத் தயங்குவார். பிறகு அவற்றில் எத்தனை முழுதாகத் தழும்பாகிவிட்டன, இடையிழையத்தில் எத்தனை சதவீதம் நார் படிந்திருக்கிறது, அழற்சிக் கலங்கள் எவ்வளவு, இரத்தக் குழாய் சுவர் தடித்திருக்கிறதா என்று வரிசையாக எழுதுவார். றிப்போட்டில் ‘இடையிழைய நார்ப்படிவும் சிறுகுழாய்ச் சிதைவும் 40 சதவீதம்’ என்று இருந்தால், பார்த்த துண்டில் அவ்வளவு பரப்பு தழும்பாகிவிட்டது என்று பொருள். பொதுவாக 25 சதவீதம் வரை இலேசு, 50 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. தழும்பான பகுதி திரும்ப வேலை செய்யாது. அழற்சி மட்டும் உள்ள பகுதி தேறலாம். சிகிச்சைக்கு மிக முக்கியமான செய்தி இந்த வித்தியாசம்தான்.

இதுவரை கண்டது என்ன

இந்த நோயின் இழையவியலில் இலங்கையில் அதிகம் உழைத்தது பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் நோயியல் துறை. அங்கிருந்து 2015இல் வந்த ஓர் ஆய்வு, நோய் பரவிய பகுதிகளிலிருந்து வந்த 251 பயொப்சிகளை நோயின் நிலைகளோடு ஒப்பிட்டது. முதல் நிலையிலேயே இடையிழையத்தில் நார் படியத் தொடங்கியிருந்தது, பெரும்பாலானவற்றில் அழற்சி தெரியவில்லை. நிலை ஏற ஏற நார்ப்படிவு கூடியது, அழற்சியும் கூடியது, சிறுகுழாய்கள் சுருங்கின, கடைசியில் கலன்கோளங்களும் தழும்பாகின. கலன்கோளம் இங்கே தொடக்கம் அல்ல, முடிவு.

ஒளிரும் சாயப் பரிசோதனையில் நோய் எதிர்ப்புப் புரதப் படிவுகள் பொதுவாக இல்லை. அதாவது உடல் தன்னைத் தானே தாக்கும் வகை நோயாக இது தெரியவில்லை.

2019இல் வெளியான இன்னொரு ஆய்வைப் பலர் கவனிக்கவில்லை. எனக்கு அது மிக முக்கியமானது. நோய் பரவிய பகுதிகளின் நோயாளிகள் வரும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கிளினிக்குக்குப் புதிதாக வந்த 600 பேரிலிருந்து 87 பேருக்கு பயொப்சி செய்தார்கள். அதில் 43 பேருக்கு, அதாவது ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மட்டுமே, சிறுகுழாய்-இடையிழைய நோய் முதன்மையாக இருந்தது. காரணம் தெரியாது என்று ஒரே பெட்டிக்குள் போடப்படுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே நோய் இல்லை. வன்னியில் ‘கிட்னி வருத்தம்’ என்று சொல்லப்படுவதற்குள்ளும் நீரிழிவு, எலிக்காய்ச்சலுக்குப் பின் தேறாத சிறுநீரகம், கண்ணாடி விரியன் கடித்ததன் பின்விளைவு, கல், நோக்குளிசை எல்லாம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் சுகாதார அமைச்சின் வரையறை நீரிழிவு, பாம்புக்கடி, சிறுநீர்ப்பாதை நோய் போன்றவற்றை முதலில் கழித்துவிட்டே இந்தப் பெயரைக் கொடுக்கிறது.

இழையம் ஏன் காரணத்தின் பெயரைச் சொல்வதில்லை

‘துண்டையே எடுத்துப் பார்த்துவிட்டார்கள், இன்னுமா காரணம் தெரியவில்லை’ என்று சனம் கேட்பது நியாயம். பதில் இப்படிப் போகிறது.

1. சிறுகுழாய்க்குப் பதிலளிக்கும் வழிகள் மிகக் கொஞ்சம். உலோகம் தாக்கினாலும், மருந்து தாக்கினாலும், திரும்பத் திரும்ப நீரிழப்பு வந்தாலும், கிருமி வந்து போனாலும் அது வீங்கும், கலம் உதிரும், பிறகு தழும்பாகும். எரிந்து முடிந்த வீட்டின் சாம்பலைப் பார்த்து நெருப்பு எங்கே கூடப் பிடித்தது என்று சொல்லலாம், யார் குச்சி கொளுத்தினார் என்று சொல்வது கடினம்.

2. பயொப்சி நோயின் நடுப்பகுதியைத்தான் பார்க்கிறது. தொடக்கத்தில் ஆளுக்கு எந்த அறிகுறியும் இல்லை, அவர் வருவதில்லை. கடைசியில் சிறுநீரகம் சுருங்கிவிடும், அப்போது ஊசி போடுவது ஆபத்து, பலனும் இல்லை. தாக்கிய பொருள் பல வருடங்களுக்கு முன்னரே வந்து போயிருக்கலாம்.

3. துண்டு மிகச் சிறியது. 10, 20 கலன்கோளங்களை வைத்து 10 இலட்சத்தைப் பற்றிப் பேசுகிறோம். நோய் திட்டுத்திட்டாகப் பரவும்போது ஊசி நல்ல இடத்தில் விழவும் கூடும், கெட்ட இடத்தில் விழவும் கூடும்.

இதற்கு விதிவிலக்காகத் தோன்றியதுதான் 2020இல் வந்த இலைசோசோம் ஆய்வு. அதுபற்றி வந்த செய்திகள் நிறையக் குழப்பின. கலத்துக்குள் கழிவைச் செரிக்கும் நுண்பைதான் இலைசோசோம். இலங்கை, மத்திய அமெரிக்கா உட்படப் பல இடங்களின் இழையங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்த ஒரு சர்வதேசக் குழு, சிறுகுழாய்க் கலங்களில் பெருத்து உருமாறிய இலைசோசோம்களைக் கண்டது. உறுப்பு மாற்றம் செய்தவர்களுக்குக் கொடுக்கும் சில மருந்துகளின் நச்சுத்தன்மையிலும் இதே மாதிரி தெரிவதால், விவசாய இரசாயனம் போன்ற ஒரு நச்சுப் பொருளே காரணம் என்று அவர்கள் வாதிட்டார்கள். மற்ற நோயியல் நிபுணர்கள் மறுத்தார்கள்: இந்த இலைசோசோம்கள் வேறு சிறுநீரக நோய்களிலும் தெரிகின்றன, இதை மட்டும் வைத்து நச்சு என்று முடிவு கட்ட முடியாது என்று. என் பார்வையில் மறுத்தவர்களின் வாதம் வலுவானது. ஆனாலும் அந்த ஆய்வு தேட வேண்டிய இடத்தைக் குறுக்கிக் காட்டியது, அதை வீண் என்று தள்ள முடியாது.

தண்ணீர், மருந்து, வெயில்

கட்மியம், ஆர்சனிக், புளோரைட்டோடு சேர்ந்த கடின நீர், கிளைபோசேற், குளத்துப் பாசியின் நஞ்சு, நீரிழப்பு என்று பட்டியல் நீளம். எதற்கும் முழு ஆதாரம் இல்லை, பலவற்றுக்குப் பகுதி ஆதாரம் உண்டு. ஒன்றல்ல, பல சேர்ந்தே தாக்குகின்றன என்பதுதான் ஆய்வாளர்களில் பலரின் நிலைப்பாடு.

அரசின் முடிவுகள் ஆதாரத்துக்கு முன்னால் ஓடியதும் உண்டு. கிளைபோசேற் களைநாசினி 2015இல் தடை செய்யப்பட்டது, 2022இல் தடை நீக்கப்பட்டது. இடையில் 2021இல் இரசாயன உரம், கிருமிநாசினி எல்லாவற்றின் இறக்குமதியும் ஒரேயடியாக நிறுத்தப்பட்டு, அதே வருடம் நவம்பரில் திரும்ப அனுமதிக்கப்பட்டது. 10, 20 வருடத்தில் முற்றுகிற நோய்க்கு இவ்வளவு குறுகிய தடை பலன் தந்ததா என்று எந்த நுணுக்குக்காட்டியாலும் சொல்ல இயலாது. அந்த அவசரத்தின் சுமையைத் தூக்கியது வயல்காரர்.

வெயில் கதைக்கு வெளிநாட்டில் கொஞ்சம் உறுதியான ஆதாரம் இருக்கிறது. எல் சல்வடோர், நிகரகுவா கரும்புத் தோட்டங்களில் இதை ஒத்த நோய் இருக்கிறது. அங்கே வெட்டுகிறவர்களுக்கு நிழல், ஓய்வு, தண்ணீர் ஒழுங்காகக் கொடுத்தபோது சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. ஆனால் இழையத்தில் வித்தியாசமும் உண்டு: இலங்கைத் துண்டுகளில் இடையிழைய அழற்சி கூட. ஆகவே அங்குள்ள விடையை அப்படியே வன்னிக்குப் பெயர்க்க முடியாது. ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதே புதிர் இன்னும் தீரவில்லை.

வன்னிக்கு இதனால் என்ன

பெரிய இழைய ஆய்வுகள் பெரும்பாலும் வட மத்திய மாகாணத்தையும் கிராந்துருகோட்டே பகுதியையும் சேர்ந்தவர்களிடம் நடந்தவை. வவுனியாவின் பாவற்குளத்துக்குக் கீழேயோ முல்லைத்தீவின் முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழேயோ வயல் செய்கிறவரின் கதை வேறாக இருக்கலாம். போர்க்காலத்தில் பல தடவை இடம்பெயர்ந்து, பல கிணற்றுத் தண்ணீர் குடித்து, பல வருடம் எந்தப் பரிசோதனையும் இல்லாமல் இருந்தவர்கள் இங்கே ஏராளம். ‘எத்தனை வருடம் இந்தத் தண்ணீர் குடித்தீர்கள்’ என்ற சாதாரணக் கேள்விக்கே வன்னியில் நேரான பதில் கிடைக்காது. அந்தப் பதிலை வாங்கி எழுத, ஊரும் மொழியும் தெரிந்த ஆய்வாளர்கள் வேண்டும். மருத்துவ பீடம் 1978 முதல் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது, வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரு பக்கம் இழையம், மறு பக்கம் தண்ணீரும் மண்ணும். இரண்டும் ஒரே ஆளின் பெயரில் ஒரே கோப்பில் சேர வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் பல தலைப்புச் செய்திகள் வரும், விடை வராது.

ஆய்வு முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லாத விடயங்களும் இருக்கின்றன.

முதலாவது, சிறுநீர்ப் பட்டி மட்டும் போதாது. இரத்தத்தில் கிரியற்றினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) பார்க்க வேண்டும். அந்த எண்ணையும் தனியாகப் பார்க்கக் கூடாது. அதையும் வயதையும் பாலையும் வைத்துக் கணக்கிடுவதுதான் வடிதிறன், றிப்போட்டில் eGFR என்று இருக்கும். கிரியற்றினின் 1.2 என்பது 45 வயது ஆணுக்கு வடிதிறன் சுமார் 76, அதே 1.2 ஒரு 60 வயதுப் பெண்ணுக்குச் சுமார் 52. 60க்குக் கீழே 3 மாதம் நீடித்தால் அது நாட்பட்ட நோய். ‘நோர்மலுக்குக் கொஞ்சம் மேல்தான்’ என்று கேட்டுவிட்டுத் திரும்புகிற அம்மாவின் சிறுநீரகம் பாதியில் நிற்கலாம். வடிதிறன் எவ்வளவு என்று கேட்டு, கிளினிக் கொப்பியில் திகதியோடு எழுதி வைப்பது நல்லது, ஏனென்றால் ஒரு எண்ணைவிட அது இறங்குகிற வேகம்தான் அதிகம் சொல்லும்.

இரண்டாவது, நாரி உளைவுக்குக் கடையில் வாங்கும் நோக்குளிசை. டைக்குளோபினாக், இபுபுரூபன் வகைகள் ஏற்கனவே பழுதான சிறுநீரகத்துக்கு இரத்தம் போவதைக் குறைக்கும். வெயிலில் வேர்த்து உடம்பு வற்றிய நேரத்தில் இந்தத் தீங்கு இன்னும் கூட. காய்ச்சலும் நாரி நோவும் சேர்ந்து வந்தால் குளிசையோடு சமாளிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். இந்த நோயே சிலருக்குத் திடீர் அழற்சியாக இப்படித் தொடங்குவதையும் இலங்கை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, அந்தக் கட்டத்தில் பிடித்தால் மீட்க இடம் உண்டு.

மூன்றாவது, ஆர்.ஓ. தண்ணீர், அதாவது நுண்சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டிய தண்ணீர். நோயைத் தடுக்கும் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனால் புளோரைட்டும் கடினத்தன்மையும் கூடிய கிணறு உள்ள ஊரில் அதைக் குடிப்பதில் நட்டம் எதுவும் இல்லை. மழைநீரைச் சுத்தமாகச் சேமிக்க முடிந்தால் அதுவும் நல்லதே.

பயொப்சி செய்யச் சொன்னால் வைத்தியரிடம் கேட்க வேண்டியவை இவை: என் சிகிச்சை இதனால் மாறுமா? சிறுநீரகத்தின் அளவு ஊசி போடத் தக்கதா? எடுப்பது சிகிச்சைக்கா, ஆய்வுக்கா, இரண்டுக்குமா? ஆய்வுக்கு என்றால் எழுத்தில் சம்மதம் கேட்க வேண்டும், மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, மறுத்தால் சிகிச்சை குறையக் கூடாது. சம்மதம் கொடுத்தால் உங்கள் ஊர், குடித்த தண்ணீர், செய்த தொழில், இடம்பெயர்ந்த வருடங்கள் எல்லாவற்றையும் படிவத்தில் சரியாகப் பதியச் சொல்லுங்கள். மெழுகுக் கட்டி பல பத்து வருடம் கெடாமல் இருக்கும். இன்று இல்லாத ஒரு பரிசோதனை நாளை வரும்போது அதே கட்டியை மறுபடி சீவிப் பார்க்கலாம், ஆனால் பக்கத்தில் அந்த விவரங்கள் எழுதப்பட்டிருந்தால்தான் அது வன்னியைப் பற்றி எதையாவது சொல்லும்.